ஆயுதபூசைக்கு வெச்ச பொட்டி

ஏனுங் தம்பி, உங்க டோக்கன் எத்தனைங்? இருவத்தேழா? என்னுது இருவத்திமூனு. இப்பத்தான் பதினாறு கூப்புட்டிருக்கறானுக. ஒரு மணி நேரத்துக்குப் பஞ்சமில்லீங், கம்முனு சாஞ்சு உக்காருங்க. ஏசி, சோபா எல்லாம் ஏகத்துக்கும் போட்டு வெச்சிருக்கறானுக. உங்களுக்கும் தண்ணி பாட்டிலு குடுத்துட்டாங்களே, குடிங்க குடிங்க. இந்தக் கடையில காசில்லாமக் கெடைக்கறது அது ஒன்னுதான்.

நான் வர்றது இது நாலாவது தடவைங். அக்கட்ட நீலச் சட்டையில ஒரு புள்ளை உக்காந்திருக்குது பாருங்க, என்னையக் கண்டாலே தலையக் குனிஞ்சுக்கும். நான் என்ன சண்டைக்கா வந்தேன்? சத்தமாப் பேசறது எம் பழக்கமுங். முப்பத்தொரு வருசமா லேத்துச் சத்தத்துக்கு மேல பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆயிப்போச்சு.

பேரு குழந்தைவேலுங். ஆவாரம்பாளையத்துல சின்னதா ஒரு லேத்துப் பட்டறை. பம்புசெட்டுக்கு ஷாஃப்ட்டு, புஷ்ஷு, இப்புடி கம்பெனிக்காரங்க குடுக்கறதைக் கடைஞ்சு குடுக்கறது. ரெண்டு லேத்து இருந்துச்சு, இப்ப ஒன்னுதான். பெரிய ஆறடி லேத்தை வித்துத்தான் இந்த லேப்டாப்பை வாங்குனது. இந்த மஞ்சப்பையில கெடக்குது பாருங்க, இதுதான் என்ற ஆறடி லேத்து. ரெண்டு கிலோ கூட வராதுங்.

ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம். நான் கேக்கறேன், உள்ள என்ன தங்கத்துலயா கம்பி இழுத்திருக்கறான்? என்ற லேத்து ஒரு டன்னுக்கு மேல இரும்புங். நான் வாங்கறப்பவே அது பழசு. இருவத்தி நாலு வருசம் எங்கூட்டுக்குச் சோறு போட்டுச்சு. ஒரு புஷ்ஷு தேஞ்சா நானே கடைஞ்சு போட்டுக்குவேன், நூறு ரூவா செலவாகாது. இது பதினாலு மாசமுங் தம்பி. பதினாலே மாசம். அதுக்குள்ள செத்துப்போச்சு. ரிப்பேருக்கு என்ன ஆகும்னு கேட்டா ஒரு லட்சத்துப் பத்தாயிரங்கறானுக. அது ரிப்பேருங்களா, இல்ல இன்னொருக்கா வாங்கறதுங்களா? நீங்களே சொல்லுங்க.

எனக்கு ஒரே புள்ளைங். மிருதுளான்னு பேரு. அம்மிணின்னுதான் கூப்புடுவேன். காலேஜுல இந்த அனிமேசன் படிச்சா. பொம்மைப் படத்துக்கெல்லாம் எதுக்கு மூனு வருசம்னு நான் கேட்டேன். அப்பறம் அவ செஞ்ச ஒரு படத்தைப் பாத்தனுங், ஒரு வயசான பொம்பளை ஊசில நூலு கோக்கற மாதிரி. கண்ணு சுருங்கறது, கை நடுங்கறது, எல்லாம் அச்சு அசலு. இன்னொருக்கா போடச் சொல்லிப் பாத்தேன். 

கடைசி வருசத்துல சொந்தமா கம்ப்யூட்டரு வேணும்னா. அவ கேட்டது என்ன தெரியுங்களா? அறுவதாயிரத்துக்கு ஒரு டப்பா. நூறடி ரோட்டுல பார்ட்டு பார்ட்டா வாங்கி அவங்களே கோத்துக் குடுப்பாங்களாம். மேசைக்கடியில நிக்கற பெரிய கறுப்பு டப்பா. "இதுல எது கெட்டாலும் அதை மட்டும் மாத்திக்கலாங்ப்பா. பத்தலைன்னா பின்னால எச்சா போட்டுக்கலாங்ப்பா"ன்னு ஒரு நோட்டுல எழுதியே காட்டுனா.

எனக்கு மனசு ஒப்பலைங். சூலூர்ல என்ற மச்சினன் ஒருத்தன் இருக்கறான். அவம் பையனுக்கு இந்தக் கம்பெனி லேப்டாப்பு வாங்கிக் குடுத்திருந்தான். ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தப்ப, அந்தப் பையன் இதை மடியில வெச்சுக்கிட்டு மண்டபத்துல உக்காந்திருக்கறான், ஒறம்பரை சனமெல்லாம் எட்டி எட்டிப் பாக்குது. என்ன பண்ணிக்கிட்டிருந்தான்னு நெனைக்கறீங்க? சீட்டாட்டம்! சீட்டாடறவனுக்கு ரெண்டு லட்ச ரூவாப் பொட்டி, படிக்கற என்ற புள்ளைக்குத் தெருவுல கோத்த டப்பாவா?

"அந்த வெலை வேண்டாங்ப்பா. நம்முளுக்குத் தாங்காதுங்ப்பா"ன்னா அம்மிணி. தாங்காதுன்னு சொன்னா எந்த அப்பனுக்குத் தம்பி கோவம் வராது? மக்யாநாளே லேத்துக்கு ஆளு பாத்துட்டேன்.

கடையில நடந்த கூத்தைக் கேளுங்க. கண்ணாடிக்குள்ள எழுதி வெச்சிருக்கற வெலை ஒன்னு நாப்பத்தஞ்சு. சரின்னு பாத்தா, அம்மிணி வேலைக்கு அது பத்தாதாம், மெமரி எச்சா வேணுமாம். அதுக்கு ஒரு படி ஏறுனா இருவதாயிரம். இன்னொரு படி ஏறுனா இன்னொரு இருவதாயிரம். "இப்பக் கம்மியா வாங்கிக்கறேன், பின்னால மாட்டிக்கலாமா"ன்னு கேட்டனுங். "முடியாதுங்க சார், எல்லாம் போர்டோட ஒட்டியே வர்றது"ங்கறான். மாட்டவும் முடியாது கழட்டவும் முடியாதுன்னா அது என்னங்க மிஷினு? படத்தையெல்லாம் சேத்து வெக்கற எடம் எச்சா வேணும்னா அதுக்கும் இருவதாயிரம் கேட்டான். அது வேண்டாம்னுட்டேன். அம்மிணி வாயத் தொறக்க வந்தா, நான் கையக் காட்டி நிறுத்திப்போட்டேன்.

அப்பறம் வாரண்டி. ஒரு வருசந்தான் சும்மா. அதுக்கு மேல ரெண்டு வருசம் வேணும்னா பதினெட்டாயிரம் கட்டோணுமாம், கீழ விழுந்தாலும் தண்ணி பட்டாலும் பாத்துக்குவானாம். "என்ற புள்ளை என்ன கெணத்துக்குள்ள எறங்கியா படிக்கப் போகுது"ன்னு கேட்டேன். கடையில இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. அம்மிணி சிரிக்கலைங்.

ஒன்னுல மட்டும் அவ என்னைய விடவே இல்லீங். ஆறாயிரத்துக்குத் தனியா ஒரு டிஸ்க்கு வாங்கித் தாங்க, செஞ்சதையெல்லாம் அதுல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கறேன்னு நாலஞ்சு தடவ கேட்டா. "ஏ அம்மிணி, ஒன்னு எண்பத்தஞ்சு குடுத்து வாங்குனதுல இல்லாத பத்திரம் ஆறாயிரத்துல வந்துருமா"ன்னு கேட்டேன். நாயமான கேள்விதானுங்களே?  லேத்து போனதுல வேலை பாதியாக் கொறஞ்சுபோச்சு, அந்த நேரத்துல ஆறாயிரமும் எனக்குப் பெருசாத்தான் இருந்துச்சு. அதை அவகிட்டச் சொல்லிக்கலைங். சொன்னா அவ அன்னைக்கே சொன்னது சரின்னு ஆயிருமல்ல?

படிச்சு முடிச்சா. நாலு மாசம் வேலை தேடுனா. அப்பறம் கனடாவுல ஒரு கம்பெனிக்காரன் கூப்புட்டான். இங்க ஊட்லயே உக்காந்து வேலை, மாசம் அறுவதாயிரம். நான் லேத்துல நின்னு அறுவதாயிரம் பாத்த மாசம் எதுன்னு ரோசனை பண்ணித்தான் சொல்லோணும். நூத்துக்கணக்குல எழுதிப்போட்டதுல அஞ்சு பேரத்தான் எடுத்தானாம். அந்த அஞ்சு பேருக்கும் ஒரு பரிச்சை. ரெண்டு நிமிசத்துக்குப் படம் ஒன்னு செஞ்சு அனுப்போணும், மூனு வாரம் கெடு. கெடு முடியறது விஜயதசமி அன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு மணி. கனடாக்காரனுக்கு என்ன தெரியும், நோம்பியா நொடியா.

அவ என்ன படம் செஞ்சா தெரியுங்களா? என்ற லேத்துங். ஆமாங், வித்துப்போட்ட அதே ஆறடி லேத்து. ஆளே இல்லாத பட்டறையில அது தானா முழிச்சு, மெதுவா ஓட ஆரம்பிக்கற மாதிரி. ஒருக்கா என்னையக் கூப்புட்டுக் காட்டுனா. கைப்புடியில என்ற கை பட்டுப் பட்டு வெள்ளையாத் தேஞ்சிருக்கும், அதைக் கூட உடலைங் அவ. இரும்பைக் கவ்விப் புடிக்கற சக்குல மட்டும் மூனு தாடை வெச்சிருந்தா. "நம்முளுது நாலு தாடை அம்மிணி"ன்னேன். "ஆமாங்ப்பா, மறந்தே போச்சு"ன்னு சொல்லி அன்னைக்கே மாத்துனா. அதுக்கு மேல நான் அங்க நிக்கலை. கண்ணு கலங்கிப்போச்சுங்.

வரைஞ்சு முடிச்சதுக்கப்பறம் அதைப் படம் படமா எடுக்கற வேலையக் கம்ப்யூட்டரே உக்காந்து செய்யோணுமாம். ரெண்டு நாளு நிறுத்தாம ஓடோணும். ஆயுதபூசைக்கு மொத நாளே ஓட உட்டுட்டா. பொட்டி கொதிக்குது தம்பி. உள்ள இருக்கற காத்தாடி ஊன்னு கத்துது. தொட்டுப் பாத்தேன், கையச் சுட்டுச்சு. மூடி மேல ஒரு சீட்டுல எழுதி ஒட்டியிருந்தா, "தொடாதீங்க. விஜயதசமி காலைல வரைக்கும் ஓடணும்"னு. பாத்தேனுங். பாக்காம என்ன, கொட்டை எழுத்துல எழுதியிருந்தா.

எங்க பட்டறையில ஒரு வழக்கமுங். ஆயுதபூசை அன்னைக்கு ஊட்டுக்குச் சோறு போடற சாமான் எதையும் உட்டுறக்கூடாது. லேத்து, டிரில்லிங் மிஷினு, ஸ்பேனரு, வெர்னியரு, ஊட்ல இருக்கற அருவாமணை, தையல்மிஷினு கத்திரிக்கோலு வரைக்கும் அத்தனையும் பூசைக்கு வந்தாகோணும். கம்ப்ரசர் காத்துல தூசி போக அடிச்சு, தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, தீர்த்தம் தெளிச்சு, கற்பூரம் காட்டறது. பூசைக்கு வெச்சதை அன்னைக்கு யாருந் தொடறதில்லை. மக்யாநாளு காலைல ஒரு பூவை எடுத்துட்டு, ஒரு சுத்து ஓட்டிப் பாத்து, புதுசா ஒரு வேலையத் தொடங்கறது. முப்பத்தொரு வருசத்துல ஒருக்காக் கூட நான் மாத்துனதில்லைங்.

இனிமே எங்கூட்டுக்குச் சோறு போடப்போறது எது? இந்தப் பொட்டிதான? இதை உட்டுட்டுப் பூசை போட்டா நாயமா? அவளுக்கு அந்த வேலை கெடைக்கோணும்னுதான் தம்பி நான் அதை எடுத்தேன். சாமி சத்தியமா அதுக்குத்தான். ரெண்டு நாளாத் தூங்காத புள்ளை, காலைல அசந்து தூங்கிட்டா. எங்கூட்டுக்காரி கலாமணி "சீட்டு ஒட்டியிருக்குதுங், எடுக்காதீங்க"ன்னு வாசல்ல வந்து நின்னா. "ராப்பகலா ஓடற மிஷினுக்கு ஒரு அரை நாளு ஓய்வு வேண்டாமா? மோட்டாரு காயுதுன்னா நிறுத்தோணும், அதுகூடத் தெரியாதவனா நானு"ன்னு சொல்லிட்டு, மூடியச் சாத்தி, இதே மஞ்சப்பையில போட்டு வண்டியில மாட்டிக்கிட்டுப் போயிட்டேன்.

பட்டறையில எல்லாத்துக்கும் அடிச்ச மாதிரியே அதுக்கும் காத்து அடிச்சேன். ஓரத்துல சின்னச் சின்னச் சந்து இருக்குதுங்களே, அதுக்குள்ள நல்லா அடிச்சேன். கம்ப்ரசர் டேங்குல தண்ணி தேங்கும், அப்பப்ப வடிச்சு உடோணும். அன்னைக்கு நோம்பி அவசரத்துல வடிக்கலை. கொஞ்சம் பூந்தூறலாட்டத் தெளிச்சிருக்கும், அவ்வளவுதானுங். லேத்துக்கு இத்தனை வருசமா அதே காத்தைத்தான் அடிக்கறேன், அது என்ன செத்தா போச்சு? அப்பறம் மூடி நடுவுல, அந்தக் கம்பெனி முத்திரை மேல, சந்தனத்தைக் கொழைச்சு ஒரு பொட்டு. சீட்டை நான் எடுக்கலைங், அது பாட்டுக்கு இருந்துச்சு. ஆர்டரு குடுக்கற பம்புக் கம்பெனி மொதலாளி வந்திருந்தாரு. "என்ன குழந்தைவேலு, இது புது மிஷினா"ன்னு கேட்டாரு. "புள்ளையோடதுங், கனடாக் கம்பெனி வேலைக்கு"ன்னு சொன்னேன். ஒரு நிமிசம் என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. அந்தப் பார்வைக்கே லேத்து போனது போகட்டும்னு இருந்துச்சு.

கற்பூரம் காட்டிக்கிட்டிருக்கறப்ப அம்மிணி ஓடி வந்தா. கால்ல செருப்பில்லை. முடி கூட முடியலை. தட்டைப் பாத்தா, பொட்டியப் பாத்தா.

"அப்பா, அது ஓடிக்கிட்டு இருந்துச்சுங்ப்பா."

"சித்தெ இரு அம்மிணி. தீபாராதனை ஆகட்டும்."

"நின்ன எடத்துல இருந்து மறுக்கா ஓட உட்டுக்கலாங்ப்பா. இப்பக் குடுத்தாக் கூட நாளைக்கு மத்தியானத்துக்கு முடிஞ்சுரும். குடுத்துருங்ப்பா."

பூசைக்கு வெச்சதை எப்புடித் தம்பி எடுத்துக் குடுக்கறது? மொதலாளி நிக்கறாரு, ஆளுங்க நிக்கறாங்க. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு எடுத்துக்கலாம்னு சொன்னேன். கையப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சுனா. அவ சின்னதுல இருந்து எங்கிட்டக் கெஞ்சுனதே இல்லீங். எனக்கு வந்தவங்க முன்னாடி மானம் போச்சு. "சாமி காரியத்துல ஆடாத, ஊட்டுக்குப் போ"ன்னு ஒரு சத்தம் போட்டேன். லேத்துக்கு மேல பேசற தொண்டைதான, தெருவுக்கே கேட்டிருக்கும். பொரியும் கடலையும் குடுத்து எல்லாத்தையும் அனுப்பிச்சுட்டு, ஷட்டரை எறக்கிப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன்.

மக்யாநாளு விஜயதசமி. விடியக் காலைல எனக்கு முன்னாடி வந்து பட்டறை வாசல்ல நிக்கறா. நான் பூவை எடுத்துட்டுக் குடுத்தேன். அழுத்துனா. எரியலை. மறுக்கா அழுத்துனா. வயரு மாட்டி அழுத்துனா. ஒன்னுமே இல்லைங். கறுப்பாக் கெடந்துச்சு. அவ அழுவலை தம்பி. அழுதிருந்தா எனக்குத் தேவலை. அப்புடியே ஒரு ஸ்டூலு மேல உக்காந்துட்டா.

நான் உடுவனா? பன்னெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்குதல்ல? கடை எல்லாம் நோம்பிக்குச் சாத்தியிருக்கும். ஓடாத மிஷினைத் தொறந்து பாத்து ஓட்டறவன்தான நானு. திருப்பிப் போட்டுப் பாத்தா, திருகாணி எல்லாம் கடுகாட்ட இருக்குது, தலையில அஞ்சு மூலை நட்சத்திரம். எந்த ஸ்க்ரூடிரைவரும் உள்ள போகாது. நம்மளாட்ட ஆளு தொறந்தறக் கூடாதுன்னே அப்புடி வெச்சிருக்கறான், அந்தக் கெட்ட எண்ணத்தைப் பாத்தீங்களா! "வேண்டாங்ப்பா, தொறக்காதீங்ப்பா, கடைக்கு எடுத்துட்டுப் போயிக்கலாம்"னா. நான் கேக்கலை. ஒரு பழைய டிரில்லு பிட்டை எடுத்தேன். கிரைண்டர்ல வெச்சு, லென்சு மாட்டிக்கிட்டு, அஞ்சு மூலைக்கும் பொறுமையாப் பட்டை போட்டேன். ஒன்னரை மணி நேரமுங். மாட்டிப் பாத்தா அப்புடியே போயி உக்காந்துச்சு. இந்தாங்க, இதுதான் அது. எப்பவும் சட்டைச் சோப்புலயே இருக்கும். பாருங்க வேலைய. இந்தப் பொட்டியச் செஞ்ச நாட்டுக்காரன் கூட இதைக் கையில செய்ய மாட்டான். அந்த விஜயதசமிக்கு நான் புதுசாத் தொடங்குன வேலை இதுதானுங்.

தொறந்தேன். உள்ள ஒன்னையுமே காணமுங். ஒரு பச்சைப் பலகை, அதுல எறும்பு எறும்பா என்னமோ ஒட்டியிருக்குது. எதைக் கழட்டறது, எதைத் தேய்க்கறது? அங்கங்க ஈரம் தெரிஞ்சுது, துணில தொட்டு எடுத்தேன். மேல ஒரு தகரம் மூடியிருந்துச்சு, அதை நெம்பி எடுக்கப் பாத்தேன்.

பொறகு நாலு நாள் கழிச்சு, கிராஸ்கட் ரோட்டுல சிப்பு வேலை பாக்கற ஒரு தம்பி இருக்குதுன்னு அங்க கொண்டு போனோம். அந்தத் தம்பி பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டு அம்மிணி மூஞ்சியப் பாத்தே சொல்லுச்சு. "தண்ணி பட்டதோட தொறக்காமக் குடுத்திருந்தீங்கன்னா உள்ள இருக்கறதை எடுத்திருக்கலாங்க. யாரோ நெம்பிச் சேமிக்கற சிப்பையே கீறிட்டாங்க"ன்னு. யாரோவாம்! முப்பத்தொரு வருசம் ஸ்க்ரூ திருகறவனுங் நானு. எனக்கு வழுக்குமா?

ஒருக்கா வழுக்குச்சுங். ஒரே ஒருக்கா.

அதுலதான் எல்லாம் இருந்துச்சாம். அந்த லேத்துப் படம், ஊசி கோக்கற பொம்பளை, காலேஜுல மூனு வருசம் செஞ்சது அத்தனையும். கனடாக்காரனுக்குப் போன் பண்ணி எடுத்துச் சொன்னா. அவன் நல்லவிதமாத்தான் பேசுனானாம். மத்த நாலு பேரும் அனுப்பிட்டாங்க, நீங்க இன்னொருக்கா எழுதிப்போடறப்ப பழைய வேலையெல்லாம் அனுப்புங்க, பாக்கறோம்னானாம். பழைய வேலைக்கு எங்க போறது? புதுசாச் செய்யலாம்னா எதுல செய்யறது? அந்த அறுவதாயிரத்து டப்பா வாங்கவும் கையில ஒன்னுமில்லை. இருக்கற சின்ன லேத்தையும் வித்தா நாங்க எதைத் திங்கறது? எனக்குப் பொக்குனு போச்சுங் தம்பி. ஒரு வாரம் சோறு எறங்கலை. சாதாரண சனம் இந்த மாதிரிப் பொட்டியப் பக்கத்துல போயிப் பாக்கவே கூடாதுங். வாங்கற வெலைய விட வெச்சுக் காப்பாத்தற வெலை பெருசு. இதையெல்லாம் கடைக்காரன்ல மொதல்லயே சொல்லியிருக்கோணும்? நமக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆளு இல்லாமப் போச்சு.

ஆனா ஒன்னு தம்பி, புள்ளை மாறிட்டா. முன்னெல்லாம் எதைச் சொன்னாலும் நோட்டுல எழுதிக்கிட்டு வந்து எங்கூட நாயம் பேசுவா. இப்ப எல்லாத்துக்கும் "சரிங்ப்பா"தான். பட்டறைக்குச் சோறு கொண்டாரச் சொன்னா சரிங்ப்பா. துணிக்கடையில பில்லு போடற வேலை ஒன்னு இருக்குது போறியான்னா சரிங்ப்பா. பெருந்துறைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வந்துச்சு, கோழிப்பண்ணை, நல்ல குடும்பம். போட்டோவக் காட்டுனேன். திருப்பிக் கூடப் பாக்கலை, சரிங்ப்பான்னுட்டா. பொறுப்பு வந்துருச்சுங். கலாமணிதான் சும்மா மூக்கைச் சிந்திக்கிட்டு, புள்ளை படமே வரையறதில்லைன்னு வெசனப்படறா. கண்ணாலம் கட்டிப் போறவளுக்குப் படம் எதுக்குங்?

தை மாசம் நிச்சயம். அதுக்குத்தான் இப்ப இங்க வந்திருக்கறேன். மாப்பிள்ளை ஊட்ல, புள்ளை கம்ப்யூட்டரு படிச்சவ, கையில ரெண்டு லட்ச ரூவாப் பொட்டி இருக்குதுன்னு சொல்லிப்போட்டேன். சீர்த்தட்டு வெக்கறப்ப அதையும் வெக்கோணுமல்ல? ஓடோணும்னு நான் கேக்கலீங். ஓடவே வேண்டாம். கீழ் மூடி நான் நெம்புன எடத்துல நெளிஞ்சு கெடக்குது, ரெண்டு திருகாணியக் காணோம். அந்த மூடிய மட்டும் மாத்திக் குடுத்தாப் போதும். முடிஞ்சா தொறக்கறப்ப ஒரு வெளிச்சம் வந்தா நல்லாருக்கும். அதுக்கு அந்த நீலச் சட்டைப் புள்ளை இருவத்தெட்டாயிரங்குது. ஓடாத பொட்டிக்கு மேல்சட்டை மாத்த இருவத்தெட்டாயிரமுங் தம்பி! கொறைக்க மாட்டீங்களான்னு கேக்கத்தான் நாலாவது தடவ வந்து உக்காந்திருக்கறேன்.

என்ற புள்ளை என்ன சொல்லுச்சுன்னு கேக்கறீங்களா? அவ என்னங்க சொல்லுவா. போன வாரம் ஊட்ல தட்டையெல்லாம் அடுக்கிப் பாத்தோம், எது எது எங்க வெக்கலாம்னு. பழத்தட்டுக்கும் சேலைத்தட்டுக்கும் நடுவுல இதை வெச்சேன். சந்தனம் கழுவியும் போகலை, முத்திரை மேல வட்டமா அப்புடியே இருக்குது. மங்களந்தான, இருக்கட்டும்னேன். அவ ஒட்டுன சீட்டும் பாதி கிழிஞ்சு இன்னும் மூடி மேலதான் இருந்துச்சு. "தொடாதீங்க"ங்கறது மட்டும் தெரிஞ்சுது. அம்மிணி வந்து பக்கத்துல உக்காந்தா.  நகத்துலயே அந்தச் சீட்டைச் சுரண்ட ஆரம்பிச்சா. பசை கெட்டியா ஒட்டியிருக்குதுங், லேசுல வருமா? ரொம்ப நேரம் சுரண்டுனா. நகம் ஒன்னு ஒடிஞ்சே போச்சு, அப்பவும் உடலை. ஒரு எழுத்து இல்லாமச் சுரண்டி எடுத்துட்டு, முந்தானையில தொடச்சு, மறுக்கா தட்டு நடுவுல வெச்சா. "இப்பப் புதுசாட்ட இருக்குதுங்ப்பா"ன்னா. பாத்தீங்களா? நம்ம சீரு நல்லாருக்கோணும்னு அவளுக்கும் ஆசை இருக்குதுங்.

இருவத்திமூனா? நம்முளுதுதானுங். இருங்க, அந்த நீலச் சட்டைப் புள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துர்றேன். சித்தெ இந்தப் பையப் புடிச்சுக்குங்க தம்பி. மொதல்ல அந்தத் தண்ணி பாட்டிலைக் கீழ வெச்சுட்டுக் கையத் தொடைங்க. ஈரக்கையோட தொட்றாதீங்க, ரெண்டு லட்ச ரூவாச் சாமானுங்.